அப், அவுட், டு, வித்... ஆங்கிலத்தில் ஜோடியாக வரும் குட்டிச் சொற்கள்: குழப்பம் ஏன்? புரிந்துகொள்வது எப்படி?

செல்போனைக் கையில் எடுத்தாலே 'லாக் இன்', 'சைன் அப்', 'அவுட் ஆஃப் ஸ்டாக்' என்று ஆங்கிலம் வந்து நிற்கிறது. யாருக்காவது போன் போட்டால் 'அவுட் ஆஃப் கவரேஜ் ஏரியா' என்கிறது. எல்லாமே நமக்குப் பழகிப்போன சொற்கள்தான். ஆனால் அதே 'அவுட் ஆஃப்' வேறு ஒரு வாக்கியத்தில், 'வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் டீசல்' என்று வந்தால் ஒரு நொடி தடுமாற்றம். யார் ஓடுகிறார்கள்? எங்கே வெளியே போகிறார்கள்? ஓட்டமும் இல்லை, வெளியேற்றமும் இல்லை. 'டீசல் தீர்ந்துபோச்சு' என்பதுதான் பொருள்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் ரிஷிவந்தியம் போன்ற ஊர்களில் தமிழ்வழியில் படித்துவிட்டு வேலைக்கு வெளியூர் போகிறவர்கள் ஆங்கிலத்தில் தடுக்கி விழுவது பெரும்பாலும் பெரிய பெரிய சொற்களில் அல்ல. 'அப்', 'அவுட்', 'டு', 'வித்' போன்ற இந்தக் குட்டிச் சொற்களில்தான். 10-ம் வகுப்பு ஆங்கிலப் பொதுத்தேர்வின் ஒரு மதிப்பெண் கேள்விகளிலும் இவை வழக்கமாக இடம்பெறும். தேர்வில் தவறினால் ஒரு மதிப்பெண் போகும். நேர்காணலில் தவறினால் கேள்வியே புரியாமல் போகும்.

ஆனால், இதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு தமிழருக்குப் புதிது இல்லை. எப்படி? பார்க்கலாம்.

ஒரே சொல்... இரண்டு வேலை!

ஆங்கிலத்தில் 'இன்', 'அப்', 'டவுன்', 'ஆன்' போன்ற சொற்கள் இரண்டு வேலை பார்க்கும். ஒன்று வினையடை, அதாவது 'அட்வெர்ப்'. இன்னொன்று முன்னிடைச்சொல், அதாவது 'ப்ரெபொசிஷன்'.

'கம் இன்' என்றால் உள்ளே வா. இங்கே 'இன்' அதோடு முடிந்துவிடுகிறது. வேறு எதையும் கேட்கவில்லை. இது வினையடை. 'இன் தி பஸ்' என்றால் பஸ்ஸில். இங்கே 'இன்' தனக்குப் பின்னால் ஒரு பெயரைக் கேட்கிறது. வெறும் 'இன் தி' என்று நிறுத்தினால் காற்றில் தொங்கும். இது முன்னிடைச்சொல்.

சிம்பிளாகச் சொன்னால், வினையடை வினையின் ஆள். முன்னிடைச்சொல் பெயரின் ஆள். இந்த ஒரு வரி மனதில் நின்றால் மீதி எல்லாம் எளிது.

தமிழிலும் இதே இரண்டு வேலைகளுக்கும் ஆள் உண்டு. உள்ளே, வெளியே, மேலே, கீழே, திரும்ப ஆகியவை வினையடை வேலையைச் செய்கின்றன. இல், கு, இலிருந்து, ஓடு ஆகிய உருபுகள் முன்னிடைச்சொல்லின் வேலையைச் செய்கின்றன. ஒரே ஒரு வித்தியாசம்: ஆங்கிலத்தில் பெயருக்கு முன்னால் நிற்பது, தமிழில் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொள்கிறது.

மலை ஏறி இறங்கினால் புரிந்துவிடும்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் மேற்கே கல்வராயன் மலை. அதன் மேல் வெள்ளிமலை. கீழே சமவெளியில் கள்ளக்குறிச்சி, தியாகதுருகம், ரிஷிவந்தியம். இந்த ஊர்களில் பேசும்போது மேல, கீழ என்ற சொற்கள் தானாக வந்து விழும். 'அவரு மேல வெள்ளிமலையில இருக்காரு', 'நாளைக்குக் கீழ கள்ளக்குறிச்சிக்கு வராரு' என்பது சாதாரணப் பேச்சு.

இதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னால், 'ஹி இஸ் அப் இன் வெள்ளிமலை', 'ஹி இஸ் கமிங் டவுன் டு கள்ளக்குறிச்சி'. மேலே என்பதற்கு 'அப்', வெள்ளிமலையில் என்பதிலுள்ள 'இல்' உருபுக்கு 'இன்'. கீழே என்பதற்கு 'டவுன்', கள்ளக்குறிச்சிக்கு என்பதிலுள்ள 'கு' உருபுக்கு 'டு'. இரண்டு மொழியிலும் அதே இரண்டு துண்டுகள்தான்.

தமிழில் அந்த இரண்டு துண்டுகளுக்கும் நடுவே ஊர்ப்பெயர் வந்துவிடுகிறது. மேலே என்று தொடங்கி, ஊரைச் சொல்லி, கடைசியில் 'இல்' ஒட்டுகிறோம். ஆங்கிலத்தில் ஊர்ப்பெயர் கடைசிக்குப் போய்விடுவதால் 'அப்', 'இன்' இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன. 'ஏன் ரெண்டு சொல்லு? ஒண்ணு போதாதா?' என்ற சந்தேகம் இங்கேதான் பிறக்கிறது. போதாது. ஒன்று திசையைச் சொல்கிறது. மற்றொன்று இடத்தோடு உள்ள உறவைச் சொல்கிறது.

ஒன்று விடுபட்டால் என்ன ஆகும்?

'ஹி கேம் பேக் சென்னை' என்று ஒருவர் சொன்னால் கேட்பவருக்குக் குழப்பம். அவர் சென்னைக்குத் திரும்பினாரா, சென்னையிலிருந்து திரும்பினாரா? 'பேக் டு சென்னை' என்றால் சென்னைக்கு. 'பேக் ஃப்ரம் சென்னை' என்றால் சென்னையிலிருந்து. இரண்டும் நேர் எதிர். தமிழில் உருபை விட்டுவிட்டு 'சென்னை திரும்பினார்' என்று சொன்னாலும் புரிந்துவிடும். செய்தித் தலைப்புகளில் அப்படித்தான் எழுதுகிறோம். ஆங்கிலத்தில் அந்தச் சலுகை கிடையாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. தேவையில்லாத இடத்தில் 'டு' சேர்ப்பது. 'கோ டு தேர்', 'கம் டு ஹியர்' இரண்டும் தவறு. 'தேர்' என்பதற்கே அங்கே, அங்கு என்று பொருள். அதற்குள்ளேயே 'கு' இருக்கிறது. அதனால் 'கோ தேர்', 'கம் ஹியர்' போதும். 'கோ ஹோம்' என்பதும் இதே ரகம். 'கோ டு ஹோம்' வேண்டாம். ஆனால் அங்கிருந்து என்று சொல்ல 'ஃப்ரம் தேர்' சரி. இதுவரை என்று சொல்ல 'அப் டு நவ்' சரி. 'ரிட்டர்ன் பேக்' என்பதிலும் 'பேக்' உபரி. 'ரிட்டர்ன்' என்றாலே திரும்புவதுதான்.

செதுக்கியதும் பிரித்ததும்: பொருள் நகர்வது எப்படி?

இதுவரை பார்த்தவை எல்லாம் நேரடிப் பொருள். மேலே என்றால் மேலே, கீழே என்றால் கீழே. அடுத்த கட்டத்தில் பொருள் கொஞ்சம் நகரும்.

கள்ளக்குறிச்சி மரச்சிற்பங்கள் புவிசார் குறியீடு பெற்றவை. மரத்திலிருந்து செதுக்கிய சிற்பத்தை ஆங்கிலத்தில் 'கார்வ்டு அவுட் ஆஃப் வுட்' என்பார்கள். கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து உருவானது. அதையும் ஆங்கிலத்தில் 'கார்வ்டு அவுட் ஆஃப் விழுப்புரம்' என்றே எழுதுவார்கள். உளி இல்லை, மரம் இல்லை. ஆனாலும் பெரிய ஒன்றிலிருந்து ஒரு பகுதியை வெளியே எடுத்தது என்ற படம் அப்படியே இருக்கிறது. 'அவுட்' வெளியே என்கிறது. 'ஆஃப்' எதிலிருந்து என்கிறது.

மூன்றாவது கட்டத்தில் படமும் மங்கிவிடும். 'புட் அப் வித்' என்றால் பொறுத்துக்கொள். 'புட்' என்றால் வை, 'அப்' என்றால் மேலே, 'வித்' என்றால் உடன். மூன்றையும் கூட்டிப் பார்த்தால் பொறுமை எங்கிருந்தும் வராது. இப்படி வினையோடு குட்டிச் சொற்கள் சேர்ந்து புதுப்பொருள் தருவதைத்தான் 'ஃப்ரேசல் வெர்ப்' என்கிறார்கள்.

தமிழிலும் இதே விளையாட்டு உண்டு

'இது என்ன அநியாயம்?' என்று தோன்றலாம். ஆனால் தமிழ் கற்கும் வெளிமாநிலத்தவருக்கும் இதே தலைவலிதான். 'கண்டுபிடி' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். காண் என்றால் பார்ப்பது, பிடி என்றால் பற்றுவது. சேர்ந்தால் புதிதாக ஒன்றை அறிவது. 'போட்டுக்கொடு' என்பதில் போடுவதும் இல்லை, கொடுப்பதும் இல்லை. ஒருவரைப் பற்றி மேலிடத்தில் கோள் சொல்வது. 'விட்டுக்கொடு', 'பொறுத்துக்கொள்', 'தீர்ந்துபோ' எல்லாம் இதே குடும்பம்.

தமிழ் ஒரு வினையோடு இன்னொரு வினையைச் சேர்த்துச் செய்வதை, ஆங்கிலம் வினையோடு வினையடையைச் சேர்த்துச் செய்கிறது. எனவே 'புட் அப் வித்' என்பதை மூன்று சொல்லாகப் பிரித்துப் பார்க்காமல், 'பொறுத்துக்கொள்' போல ஒரே சொல்லாக எடுத்துக்கொள்வதே நல்லது.

அன்றாடம் காதில் விழும் சில கூட்டுகள்:

ரன் அவுட் ஆஃப் – தீர்ந்துபோ (கைவசம் இருந்தது காலியாவது)
கெட் அலாங் வித் – ஒத்துப்போ
கம் அப் வித் – யோசித்துச் சொல் (யோசனை, தீர்வு)
கேட்ச் அப் வித் – முன்னால் போனவரை எட்டிப்பிடி
கட் டவுன் ஆன் – குறைத்துக்கொள்
டிராப் அவுட் ஆஃப் – பாதியில் நின்றுவிடு (படிப்பு, போட்டி)
கெட் அவே வித் – தப்பு செய்துவிட்டுத் தப்பித்துக்கொள்
லுக் அப் டு – மதித்துப் பார்
லுக் டவுன் ஆன் – இளக்காரமாகப் பார்
மேக் அப் ஃபார் – ஈடுகட்டு
ஸ்டாண்ட் அப் ஃபார் – ஒருவருக்காகக் குரல் கொடு

'லுக் அப் டு', 'லுக் டவுன் ஆன்' இரண்டையும் கவனியுங்கள். ஒருவரை மேலே வைத்துப் பார்ப்பதும் கீழே வைத்துப் பார்ப்பதும் தமிழிலும் உள்ள படம்தான். 'மேலானவர்', 'கீழ்த்தரமாக' என்று நாமும் சொல்கிறோமே!

பெயர் போனால் முன்னிடைச்சொல்லும் போகும்

முன்னிடைச்சொல் பெயரின் ஆள் என்று பார்த்தோம். அதை நிரூபிக்கும் இடம் இது. 'வி ரேன் அவுட் ஆஃப் டீசல்' என்றால் நம்மிடம் டீசல் தீர்ந்தது. இதையே டீசலை முதலில் வைத்துச் சொன்னால், 'தி டீசல் ரேன் அவுட்'. இப்போது 'ஆஃப்' இல்லை. பின்னால் பெயர் இல்லாததால் அதற்கு வேலை இல்லை. ஆனால் 'அவுட்' அப்படியே நிற்கிறது. ஏனென்றால் அது வினையின் ஆள்.

அதேபோல 'ஷி கெட்ஸ் அலாங் வித் ஹெர் மாமியார்' என்றால் மாமியாரோடு ஒத்துப்போகிறாள். 'தே கெட் அலாங்' என்றால் இருவரும் ஒத்துப்போகிறார்கள். ஆள் பெயர் பின்னால் வந்தால் 'வித்' வரும். வராவிட்டால் 'வித்' வேண்டாம். 'ஓடு' உருபு தமிழில் செய்யும் வேலையும் இதுதான்.

கேள்விகளில் மட்டும் ஒரு சிறு மாற்றம். 'வாட் ஆர் யூ லுக்கிங் ஃபார்வர்ட் டு?' என்று கேட்கும்போது 'டு' கடைசியில் தனியாக நிற்பது போலத் தெரியும். அதற்கு உரிய பெயர் 'வாட்' என்று முன்னால் போய்விட்டது. அவ்வளவுதான். அந்த 'டு'வை விட்டுவிடக் கூடாது.

முன்னிடைச்சொல்லை மாற்றினால் பொருளும் மாறலாம். 'மேக் அப் ஃபார்' என்றால் இழப்பை ஈடுகட்டுவது. 'மேக் அப் வித்' என்றால் சண்டை போட்டவரோடு சமாதானமாவது.

அதிகம் பேர் சறுக்கும் இடம்: 'லுக்கிங் ஃபார்வர்ட் டு'

வேலைக்கான மின்னஞ்சலின் கடைசி வரியில் அடிக்கடி காணப்படுவது: 'ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ'. இது தவறு. சரியானது 'டு மீட்டிங் யூ'.

காரணம் என்ன? ஆங்கிலத்தில் இரண்டு 'டு' இருக்கிறது. 'ஐ வான்ட் டு மீட் யூ' என்பதில் வரும் 'டு' வினையோடு சேரும். 'லுக் ஃபார்வர்ட் டு' என்பதில் வரும் 'டு' முன்னிடைச்சொல். அதற்குப் பின்னால் பெயர்தான் வர வேண்டும். 'லுக்கிங் ஃபார்வர்ட் டு பொங்கல்' என்று சொல்லிப் பாருங்கள், சரியாக நிற்கும். 'வான்ட் டு பொங்கல்' நிற்காது. இதுதான் சோதனை.

பின்னால் வினை வந்தே ஆக வேண்டும் என்றால் அதைப் பெயராக்கிவிட வேண்டும். தமிழில் 'சந்தி' என்ற வினையைச் 'சந்திப்பது', 'சந்தித்தல்' என்று தொழிற்பெயர் ஆக்குகிறோம். 'உங்களைச் சந்திப்பதை ஆவலோடு எதிர்பார்க்கிறேன்' என்கிறோம். ஆங்கிலத்தில் அந்தச் 'சந்திப்பது'தான் 'மீட்டிங்'.

செல்போனில் கவனம் தேவை

இந்தக் குட்டிச் சொற்கள் செயலிகளில் வரும்போது வெறும் இலக்கண விஷயமாக இருப்பதில்லை. 'சைன் அப் ஃபார்' என்றால் ஒரு சேவையில் சேர சம்மதிப்பது. 'ஆப்ட் இன் டு' என்றால் விரும்பிச் சேர்வது. 'ஆப்ட் அவுட் ஆஃப்' என்றால் அதிலிருந்து விலகிக்கொள்வது. ஒரே ஒரு 'இன்', 'அவுட்' வித்தியாசத்தில் விளம்பரக் குறுஞ்செய்தி நிற்பதும் தொடர்வதும் இருக்கிறது. 'லாக் அவுட் ஆஃப் ஆல் டிவைசஸ்' என்றால் எல்லாக் கருவிகளிலிருந்தும் கணக்கை வெளியேற்றுவது. செல்போன் தொலைந்தவருக்கு மிக அவசியமான பொத்தான் இது.

மருத்துவர் 'கட் டவுன் ஆன் சால்ட்' என்றால் உப்பைக் குறைக்கச் சொல்கிறார். 'கட் அவுட் சால்ட்' என்றால் அடியோடு நிறுத்தச் சொல்கிறார். இரண்டிலும் 'கட்' இருக்கிறது. வித்தியாசம் குட்டிச் சொல்லில்.

நேர்காணலில் 'ஒய் டிட் யூ டிராப் அவுட் ஆஃப் தி கோர்ஸ்?' என்று கேட்டால், படிப்பை ஏன் பாதியில் விட்டீர்கள் என்று கேட்கிறார்கள். 'ஹவ் டு யூ கெட் அலாங் வித் யுவர் டீம்?' என்றால் உடன் வேலை செய்பவர்களோடு எப்படி ஒத்துப்போகிறீர்கள் என்ற கேள்வி. அலுவலகத்துக்கு எப்படிப் போகிறீர்கள் என்பதல்ல.

சேர்த்து எழுதுவதா, பிரித்து எழுதுவதா?

'இன்டு' என்று ஒரே சொல்லாகவும், 'இன் டு' என்று இரண்டு சொல்லாகவும் ஆங்கிலத்தில் எழுதுவார்கள். 'வாக் இன்டு தி ரூம்' என்றால் அறைக்குள் நடந்து போவது. இங்கே சேர்த்து எழுத வேண்டும். 'லாக் இன் டு யுவர் அக்கவுண்ட்' என்பதில் 'லாக் இன்' தனி வினை. 'டு' கணக்கைச் சேர்ந்தது. அதனால் இங்கே பிரித்து எழுதுவதே முறை. 'இன்' யாருடைய ஆள் என்று கேட்டால் விடை கிடைத்துவிடும்.

பேச்சில் இதைக் காதாலும் கண்டுபிடிக்கலாம். 'புட் அப் வித்' என்று சொல்லும்போது அழுத்தம் 'அப்' மேல் விழும். 'வித்' லேசாகக் கரைந்துவிடும். 'அவுட் ஆஃப்' வேகமான பேச்சில் 'அவுட்டா' என்றே கேட்கும். படங்களில் வசனம் பிடிபடாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

'அது', 'அவர்' போன்ற சொற்கள் எங்கே வரும்? 'பிக் அப்' போன்ற இரண்டு சொல் கூட்டில் நடுவே வரும்: 'பிக் மீ அப்'. 'புட் அப் வித்' போன்ற கூட்டில் கடைசியில்தான் வரும்: 'ஐ காண்ட் புட் அப் வித் இட்'. 'புட் இட் அப் வித்' என்று நடுவே நுழைத்தால் தவறு.

இந்தச் சிக்கல் எத்தனை பழையது?

ஆங்கில அகராதியாளர் சாமுவேல் ஜான்சன் 1755-ல் வெளியிட்ட அகராதியின் முன்னுரையிலேயே, வினையோடு குட்டிச் சொற்கள் சேரும் இந்த வழக்கம் வெளிநாட்டவருக்கு மிகப்பெரிய சிரமம் என்று குறிப்பிட்டிருக்கிறார். 'ஃப்ரேசல் வெர்ப்' என்ற பெயர் 1925-ல் லோகன் பியர்சால் ஸ்மித் எழுதிய நூல் வழியாகப் பரவியது. அந்தப் பெயரைத் தனக்குச் சொன்னவர் ஆக்ஸ்போர்டு அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி என்று ஸ்மித் எழுதினார்.

ஆங்கிலத்தில் ஒரே பொருளுக்குப் பெரும்பாலும் இரண்டு சொல் இருக்கும். 'டாலரேட்' லத்தீனிலிருந்து வந்தது, ஏட்டில் அதிகம் வரும். 'புட் அப் வித்' வீட்டுப் பேச்சு. நம்மூரில் மேடைத் தமிழும் வீட்டுத் தமிழும் வேறாக இருப்பது போலத்தான். பாடப்புத்தகத்தை மட்டும் படித்தவருக்கு 'டாலரேட்' தெரிந்திருக்கும். ஆனால் அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரர் பேசுவது 'புட் அப் வித்'. தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியவரும் பேச்சில் திணறுவது இதனால்தான். அது அறிவுக் குறைவு இல்லை. படித்த ஆங்கிலமும் பேசும் ஆங்கிலமும் வேறு வேறு என்பதே விஷயம்.

எப்படிப் பழகுவது?

முதலாவது, பட்டியலாக மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒரு கூட்டுக்கு ஒரு சொந்த வாக்கியம் போதும். 'வி ரேன் அவுட் ஆஃப் யூரியா' என்று ஒரு விவசாயி வீட்டுப் பிள்ளை சொல்லிப் பழகினால் அது மறக்காது.

இரண்டாவது, ஒவ்வொரு கூட்டையும் தமிழில் ஒரே வினையாக எழுதி வையுங்கள். 'கம் அப் வித்' என்பதற்குப் பக்கத்தில் 'வா, மேலே, உடன்' என்று எழுதினால் உதவாது.

மூன்றாவது, முன்னிடைச்சொல்லை எப்போதும் அதற்குரிய உருபோடு பொருத்திப் பாருங்கள். 'டு' வந்தால் 'கு', 'ஃப்ரம்' வந்தால் 'இலிருந்து', 'வித்' வந்தால் 'ஓடு' என்று பெரும்பாலும் பொருந்தும். பொருந்தாத இடம் எதுவோ அதுதான் தனியாகக் கவனிக்க வேண்டிய கூட்டு.

உங்களுக்கு ஒரு குட்டித் தேர்வு

கீழே உள்ள நான்கு வாக்கியங்களிலும் ஒவ்வொரு தவறு இருக்கிறது. விடையைப் பார்க்காமல் முயன்று பாருங்கள்.

1. ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட் டு ஜாயின் யுவர் கம்பெனி.
2. வி ரேன் அவுட் டீசல்.
3. ஹி வென்ட் பேக் டு தேர்.
4. ஐ காண்ட் புட் இட் அப் வித்.

விடைகள்: முதலாவதில் 'ஜாயினிங்' வர வேண்டும். 'டு'வுக்குப் பின்னால் பெயர் தேவை. இரண்டாவதில் 'அவுட் ஆஃப்' வேண்டும். டீசல் பின்னால் இருப்பதால் 'ஆஃப்' கட்டாயம். மூன்றாவதில் 'டு' உபரி. 'தேர்' என்றாலே அங்கு. நான்காவதில் 'இட்' கடைசிக்குப் போக வேண்டும்.

நான்குக்கும் காரணம் சொல்ல முடிந்தால், வினையின் ஆள் யார், பெயரின் ஆள் யார் என்று பிடிபட்டுவிட்டது. இனி புதிய கூட்டு எது வந்தாலும் முதலில் அந்தக் கேள்வியைக் கேளுங்கள்.